அப்பா படித்த போர்த்துக்கீசியம்

போர்த்துக்கீசிய மொழி எனக்குச் சின்ன வெங்காய வாசனையாகத்தான் அறிமுகம். வண்ணார்பேட்டை வீட்டு அடுக்களையில் அம்மா வெங்காயம் உரிக்க, எதிரே அப்பா புத்தகமும் கையுமாக உட்கார்ந்து பாடம் படிப்பார். கண்ணீர் இரண்டு பேருக்கும் வரும். மொசாம்பிக்கில் முந்திரிக்கொட்டை வாங்கிக் கப்பலேற்றுவதற்குத் தூத்துக்குடி வியாபாரி ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பேச்சுப் பரீட்சையில் தேறினால் அப்பா மூன்று வருஷம் அங்கே. தேறாவிட்டால் பழையபடி சைக்கிள், உரக்கடை.

அந்த மொழியில் மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் பெண்களாம், புத்தகம் ஆணாம். எப்போதும் இருப்பதற்கு ஒரு வினைச்சொல், இப்போதைக்கு இருப்பதற்கு வேறொன்று. அப்பா வீட்டில் இருப்பதற்கு எது என்று கேட்டேன். அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

பேசிப் பழக அவருக்கு அம்மாவை விட்டால் ஆளில்லை. புத்தகத்துக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ‘தூ’ என்பார்கள், அதாவது ‘நீ’, மரியாதைக்குரியவர்களுக்குத்தான் ‘செனியோர்’. மனைவி பேசும் வரிகளை அப்பா தமிழெழுத்தில் எழுதிக்கொடுத்தார்; அம்மா முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏளா, சும்மா வாசி. யாருக்குப் புரியப்போவுது?”

“எனக்குப் புரியுதுல்லா. கட்டின மனுசனைப் பிள்ளை முன்னால நீன்னா சொல்லச் சொல்லுதிய?”

ஆக, எங்கள் வீட்டில் அப்பா ‘செனியோர்’ ஆனார். ‘ஏளா’வைத் தாண்டியறியாத மனிதர் பதில் மரியாதையாக அம்மாவைச் ‘செனியோரா’ என்றார். உப்பைக்கூட ‘தயவுசெய்து’ சேர்த்துக் கேட்டார். எனக்கோ யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்துவிட்டதுபோலக் குழப்பம்.

பரீட்சையில், மூட்டை தூக்கச் சொல்லி ஒரு சுமைக்காரரை ஏவுவதுபோலப் பேசிக்காட்டச் சொன்னாராம் வியாபாரி அண்ணாச்சி. ஐயா அவர்கள் சிரமம் பார்க்காமல் இதைக் கொஞ்சம் தூக்க இயலுமா என்கிற தோரணையில் அப்பா கேட்டிருக்கிறார்.

“வே, இப்படிக் கெஞ்சினா கப்பல் போயிரும். நீரு நல்ல மனுசன் வே, ஊர்லயே இரும்” என்று காப்பி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

வழியிலேயே சேதி தெரிந்து, வீடே அழுதுகொண்டிருக்கும் என்று பயந்தபடி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்குக் கேசரி எந்த இலக்கணத்தில் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது கைபேசியிலேயே போர்த்துக்கீசியம் படிக்கிறேன். தப்பாகச் சொன்னால் டொய்ங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்; எதிரே உட்கார்ந்து மல்லுக்கட்ட ஆள் இல்லை. அப்பாவும் இல்லை. போன வாரம், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன்: “வேணும்னேதான அப்ப ‘தூ’ன்னு சொல்லாம இருந்த?”

அம்மா நிமிரவில்லை. “ஏட்டி, மூணு வருசம்லா சொன்னாவ” என்றாள்.