வேல்குமாரின் ஜீன்ஸ் விரதம்

என் வீட்டுக்காரர் வேல்குமார் மாதிரி ஒரு சுத்தக்காரரைத் திருப்பூரில் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணியைத் துவைத்தால் சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்த்துப் பார்த்து வெளிநாட்டுக்கு மெயில் போடுவதுதான் பிழைப்பு. வீட்டிலும் அதே கெடுபிடி. துண்டில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டால் கூப்பிட்டு வைத்து விசாரணை நடத்துவார். அந்த மனுஷன் ஒரு பேண்ட்டை ஆறு மாதம் துவைக்க மாட்டேன் என்று கிளம்பினால், அதை நான் எங்கே போய்ச் சொல்வது?

அது சாதாரண ஜீன்ஸ் இல்லையாம். ரா டெனிமாம். நூலில் நீலச் சாயம் ஏற்றி நெய்து, அப்புறம் தண்ணீரே காட்டாமல் தைத்தது. பெங்களூர் சிநேகிதர் ஒருவர் ஆசைகாட்டி வாங்க வைத்துவிட்டார். முதல்நாள் அதை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏற முடியவில்லை. தகரத்தைச் சுற்றிக்கொண்டது போல விறைத்துக்கொண்டு நின்றார்.

“போடப் போட நம்ம ஒடம்புக்குத் தக்கன வெளுக்கும் கிருத்திகா. தொடை மேல கோடு விழும். முட்டிக்குப் பின்னால தேன்கூடு மாதிரி விழும். இதே மாதிரி இன்னொருத்தன்கிட்ட இருக்கவே இருக்காது.”

“இதே மாதிரி நாத்தமும் இருக்காதுங்க,” என்றேன். காதில் விழவே இல்லை.

கோடை வந்தது. கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பேண்ட் எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். துவைக்கவும் கூடாது, நாற்றமும் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று எவனோ யூடியூபில் சொல்லித் தொலைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் அமராவதி ஐஸ்கட்டி எடுக்கப் போனார். அவர் போட்ட சத்தத்தில் நான் குக்கரை விட்டுவிட்டு ஓடினேன்.

“ஏஞ்சாமி, பேண்ட்டை எதுக்கு இதுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற? தொவைக்கப் போடறதில்லையா?”

இவர் பேய்முழி முழித்தார். தேன்கூடு, கோடு என்றெல்லாம் அத்தையிடம் விளக்க ஆரம்பித்தால், விளக்கி முடிப்பதற்குள் பேண்ட் சோப்புத் தண்ணீரில் கிடக்கும்.

“வேண்டுதலுங்மா,” என்றார்.

“யாருக்கு?”

“பழனி முருகனுக்கு.”

“அதுக்கு ஃப்ரிட்ஜு எதுக்கு?”

“தீட்டு கீட்டு பட்டுறக்கூடாதுன்னு...”

சிரிப்பை அடக்க நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன். அத்தைக்கோ முருகன் என்றால் உயிர். கண் கலங்கிவிட்டது. “நீ சொல்லவே வேண்டாஞ் சாமி. எனக்குத் தெரியும். நம்ம மதுவுக்கு நல்ல எடமா அமையோணும்னுதானே?”

“ஆமாங்மா,” என்று இவர் தலையாட்டினார். வேறென்ன செய்வார்!

அன்றைக்கே பேண்ட் ஃப்ரீசரிலிருந்து பூஜை அறைக்குக் குடிபோனது. தினமும் போட்டுக் கழற்றியதும் அங்கேதான். இடுப்புப் பட்டையில் விபூதி. பட்டனில் குங்குமம். குங்குமம் கறைபிடிக்குமே என்று இவர் துடித்த துடிப்பை அத்தை பக்தி என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் மட்டனும் நின்றது. “வேண்டுதல் இருக்கற ஊட்டுல கவிச்சி ஆக்கலாமா அம்மிணி?” என்று கேட்டுவிட்டார். வாயைக் கொடுத்தது இவர், நாக்கு செத்துப்போனது எனக்கு. ஞாயிற்றுக்கிழமையும் ரசம் என்றால் மனுஷிக்குக் கோபம் வருமா வராதா?

ஆனால் நன்றாக மாட்டிக்கொண்டது மதுமதிதான். மது இவருடைய தங்கை. கார்மெண்ட்ஸில் துணி வெட்டுவதற்குக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறாள். முப்பது தாண்டிவிட்டது. பிடிக்காத வரன்களை முகத்துக்கு நேராகவே பிடிக்கவில்லை என்று சொன்னவள். அத்தை இந்த வேண்டுதலைக் கோயிலில் சொன்னார், ரேஷன் கடையில் சொன்னார், போனில் சொந்தத்துக்கெல்லாம் சொன்னார். பார்த்தவர்களெல்லாம் மதுவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். கம்பெனியில் டெய்லர் பெண்கள்கூட, “உங்க அண்ணன் இன்னும் பேண்ட்டு தொவைக்கலீங்களாக்கா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்து அழுதாள். “நானென்ன இந்த ஊட்டைப் புடிச்ச பீடையாங்க அண்ணி? எனக்குப் புடிச்சா கட்டிக்கறேன், இல்லாட்டி இருந்துக்கறேன். அதுக்கு எங்கண்ணன் நாத்தம் புடிச்ச பேண்ட்டோட ஊரெல்லாம் சுத்தோணுமா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். “இப்பவே போய் அத்தைகிட்ட உண்மையைச் சொல்லுங்க.”

“இன்னும் ஒரே ஒரு மாசம் கிருத்திகா. இப்பத்தான் தேன்கூடு விழ ஆரம்பிச்சிருக்குது.”

“உங்க தேன்கூட்டுல தீயை வெக்க! அவ அழுகறாளுங்க!”

முகம் சுருங்கிப்போய் அத்தையிடம் போனார். தங்கை மேல் பாசம் இல்லாதவர் இல்லை. ஆனால் அத்தை இவரைக் கண்டதும் நெற்றியில் விபூதியைப் பூசி, “என்ற தங்கம்” என்று கன்னத்தைத் தடவினார். போனவர் பூசிய விபூதியோடு அப்படியே திரும்பி வந்துவிட்டார். சீ!

அந்த வாரமே கணியூரிலிருந்து மதுவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நிதிஷ், ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை. அவருடைய அப்பா தண்டாயுதபாணி பளீரென்று வெள்ளை வேட்டியில் வந்தார். அத்தையின் உத்தரவுப்படி என் வீட்டுக்காரர் வேண்டுதல் பேண்ட்டிலேயே சோபாவில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் அவரை ஒட்டி உட்கார்ந்தார். புழுக்கமோ புழுக்கம். பலகாரம் சாப்பிட்டுக் கைகழுவ எழுந்தார் பாருங்கள், வேட்டியில் தொடைப்பக்கம் முழுக்க நீலம்!

“முருகா!” என்று அத்தை நெஞ்சில் கைவைத்தார்.

நிதிஷ் குனிந்து வேட்டியைப் பார்த்தார். பிறகு இவருடைய பேண்ட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “ஏனுங்க, இது ரா டெனிமுங்களா? எத்தனை மாசமாத் தொவைக்காம போடறீங்க?”

என் வீட்டுக்காரரிடம் இத்தனை நாளில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. பாவம், எல்லாம் மறந்துபோனது. துள்ளி எழுந்து, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி முட்டியை மடக்கினார். “அஞ்சு மாசமுங்க தம்பி! தேன்கூட்டைப் பாருங்க! சொட்டுத் தண்ணி படலை. எங்கம்மா புடுங்கித் தொவைச்சுருவாங்கன்னுதான் வேண்டுதல்னு ஒரு பொய்யைச் சொல்லி...”

அங்கே நின்றுவிட்டார். அத்தை நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை. சமையலறை வாசலில் மது காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“அப்ப நீ எனக்காக வேண்டவே இல்லையாண்ணா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. அண்ணன் வேண்டினான் என்று அழுதவள், வேண்டவில்லை என்றதும் கண் கலங்கி நிற்கிறாள்.

“இல்ல மது,” என்றார் இவர். “தப்புத்தான்.”

“ஊரே என்னைப் பாத்து உச்சுக்கொட்டுச்சே. அத்தனையும் ஒரு பேண்ட்டுக்கா? கழட்டுடா!”

வந்தவர்கள் முன்னால் மறுபேச்சு இல்லை. உள்ளே போனவர் லுங்கியில் வந்தார், பேண்ட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. மது தட்டை என்னிடம் கொடுத்தாள். பேண்ட்டைப் பிடுங்கி வாஷிங் மெஷினில் திணித்தாள். பவுடரை அள்ளிக் கொட்டினாள்.

நிதிஷுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வந்துவிட்டார். “ஏனுங்க, உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போடுங்க. பச்சத்தண்ணியே போதுமுங்க. அவ்வளவு பவுடரு...”

மது திரும்பினாள். “உங்களை யாராச்சும் கேட்டாங்களா?”

“இல்லீங்க,” என்றார். போய் உட்கார்ந்தார். அப்புறம் வாயே திறக்கவில்லை.

மது சுடுதண்ணீர் பட்டனை அமுக்கினாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் கருநீலமாகச் சுழன்றது. என் வீட்டுக்காரர் நெருங்கிய சொந்தத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் போல அதன்முன் நின்றார். தண்டாயுதபாணி மட்டும், “எங்களுக்குச் சாயக்கறை புதுசுங்களா, விடுங்க,” என்று சிரித்தார்.

அவர்கள் கிளம்பியதும் அத்தை மகனைத் தாண்டிப் பூஜை அறைக்குப் போனார். முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த வரனும் போயிற்று என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

“அவரை ஒருக்கா வரச் சொல்லுங்க. பேசிப் பாக்கறேன்,” என்றாள் மது.

அத்தைக்கு நம்ப முடியவில்லை. எனக்குந்தான். “அந்த மனுஷன்கிட்ட என்ன கண்ணு புடிச்சுது?” என்றேன்.

“உங்களை யாராச்சும் கேட்டாங்களான்னு கேட்டதும் பேசாமப் போய் உக்காந்தாரு பாருங்க அண்ணி. இந்த ஊட்டுல நாஞ் சொல்லி அப்படி ஒருத்தரும் உக்காந்ததில்லை.”

அதில் நானும் சேர்த்திதான். பதில் சொல்ல வாயெடுத்தவள், பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.