நீட்ட மறுத்த வலது கால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பெரிய வியாழன் மாலை, கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோவிலில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடும். ஆனாலும் சொல்கிறேன். சொல்லாமல் மறைத்ததால்தானே அவ்வளவு வினையும் வந்தது!

எங்கள் பங்கில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு உலருணவுப் பொதி கொடுப்பது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, தவக்காலத்துச் சிலுவைப்பாதைக்கு ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் என் தலையில்தான். எனக்கும் அது பிடிக்கும். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். பெரிய வெள்ளியன்று தெருவழியே போகும் சிலுவைப்பாதையில், அந்தப் பெரிய மரச்சிலுவையை வெறுங்காலோடு முன்னால் தூக்கிக்கொண்டு போவதும் பல வருடங்களாக நான்தான்.

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்வதும் என் வேலை. முதல் நாளே அவர்களைக் கூப்பிட்டு, நகத்தை வெட்டுங்கள், குதிக்காலைத் தேய்த்துக் கழுவுங்கள், வலது காலைத்தான் நீட்ட வேண்டும் என்று ஒரு வகுப்பே எடுப்பேன். கழுவப்போகிற காலை எதற்காகக் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கும் அது தோன்றியதில்லை.

அந்த வருடம் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர். அவரைச் சேர்க்கச் சொல்லிப் பங்குத்தந்தையே கேட்டிருந்தார். புதன்கிழமை அவர் செருப்பைக் கழற்றியபோது பார்த்தேன். இரண்டு குதிக்காலும் வெடித்து, வெடிப்புக்குள்ளே கறுப்பேறிக் கிடந்தது.

"இந்தக் காலோடயா வரப்போறீர்? பூசையை நேரலையில போடுறாங்கள். கனடாவில இருந்தெல்லாம் சனம் பார்க்கும். நல்லாத் தேய்ச்சுக் கழுவிக்கொண்டு வாரும்" என்றேன், மற்றவர்கள் எல்லோர் முன்னாலும். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி தலையை ஆட்டினார். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

இதைச் சொன்ன நேரம் என் சொந்த வலது உள்ளங்காலில் ஒரு புண் இருந்தது.

எனக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோவில் வளவில் வெறுங்காலோடு நடந்தபோது எதுவோ குத்தியிருக்க வேண்டும். கால் மரத்துப் போயிருந்ததால் குத்தியதே தெரியவில்லை. ஒருநாள் குளிக்கும்போது பெருவிரலுக்குக் கீழே கை பட்டு, காலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். வெள்ளவத்தையில் இருக்கும் என் அண்ணனுக்கும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியது. இப்போது அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எனக்கும் அப்படியாகிவிடுமோ என்று பயந்தேன்.

அந்தப் பயத்தை விடப் பெரியது என் மானம். பங்கில் உள்ள சீனி வருத்தக்காரர் எல்லோரையும் "கிளினிக்குக்குப் போனீங்களா?" என்று அதட்டுகிற ஆள் நான். நானோ இரண்டு மாதமாகக் கிளினிக் பக்கமே போகவில்லை. எந்த முகத்தோடு போய்க் காலைக் காட்டுவது? மருந்துக்கடையில் ஒரு களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டேன். மனைவியின் கண்ணில் படாமலிருக்க வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தேன், அதுவும் பங்குனிப் புழுக்கத்தில்.

"என்னப்பா, நாங்கள் நுவரெலியாக் குளிருக்குள்ளயா இருக்கிறம்?" என்று கேட்டாள் அவள். மின்விசிறிக் காற்று காலுக்குக் குளிர்கிறது என்று ஏதோ உளறித் தப்பினேன்.

வியாழன் பூசைக்குப் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். மூட்டை சுமக்கிறவரை மட்டும் காணவில்லை. தொலைபேசியில் அழைத்தாலும் எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபம்! பொறுப்பில்லாத மனிதன் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேன். பங்குத்தந்தை இளைஞர், பதற்றமில்லாதவர். "நேரம் போகுது அங்கிள், அந்தக் கதிரையில நீங்களே இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். போய் அமர்ந்தேன்.

நான் கடைசி ஆள். ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு அவர் கிட்ட வர வர எனக்கு வியர்த்துக் கொட்டியது. இடது காலுறையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அவர் என் முன்னால் முழந்தாளிட்டதும் இடது காலை நீட்டினேன். ஊருக்கெல்லாம் வலது கால் என்று வகுப்பெடுக்கிற நானே மாற்றி நீட்டுகிறேனே என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டு என் வலது காலைப் பிடித்தார்.

"இந்தக் கால் வேண்டாம் ஃபாதர்" என்றேன் மெதுவாக.

இயேசு காலைக் கழுவ வந்தபோது ஒரு சீடரும் இப்படித்தான் வேண்டாம் என்று மறுத்தார். அதை எத்தனை வீடுகளில், எத்தனை செபக்கூட்டங்களில் நான் விளக்கியிருக்கிறேன்! அதே பேச்சு என் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பங்குத்தந்தை விடவில்லை. காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. மெல்ல மெல்ல உரித்து எடுத்தார். நாற்றம் குப்பென்று வந்தது. களிம்புக்கு மேலே வாசனைத் தைலம் பூசி மறைத்துவிட்டேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! பக்கத்துக் கதிரைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கோவில் கூரையைப் பார்த்தபடி இருந்தேன். பங்குத்தந்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

மற்றவர்களுக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு நகர்ந்தவர், என் காலை நெடுநேரம் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் கழுவினார். எனக்குத் துளி கூட வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். காலைத் துடைத்த வெள்ளைத் துவாயில் இரத்தமும் சீழும். அவர் அந்தக் கறை உள்ளே போகும்படி துவாயை மடித்தார். பிறகு மற்றவர்களுக்குச் செய்தது போலவே தலையைத் தாழ்த்தி என் பாதத்தை முத்தமிட்டார்.

எனக்குக் கண்ணீர் கொட்டத் தொடங்கியது. நேரலையில் பார்த்தவர்கள் என்ன ஒரு பக்தி என்று நினைத்திருப்பார்கள். பக்தியாவது! வெட்கம்.

பூசை முடிந்து, உடை மாற்றும் அறைக்குப் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். நான் போக முன்னமே மனைவி அங்கே நின்றாள். முன்வரிசை வாங்கிலிருந்து அவள் துவாயைப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு ஒளிச்சிட்டீங்கள், என்ன? முப்பது வருசம் ஒரு வீட்டுக்குள்ள இருந்து, எனக்கே ஒளிச்சிட்டீங்கள்!" என்று ஏசவும் அழவும் தொடங்கினாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றார் பங்குத்தந்தை.

அப்போதும் என் திமிர் அடங்கவில்லை பாருங்கள். "நாளைக்குச் சிலுவைப்பாதை முடியப் போறன் ஃபாதர். சிலுவையை ஆர் தூக்கிறது?" என்று கேட்டேன்.

"சிலுவைக்கு ஆள் பிடிக்கலாம் அங்கிள். உங்களுக்கு இன்னொரு காலை நான் எங்க போய்ப் பிடிக்கிறது?"

அவ்வளவுதான். வாசலில் நின்ற ஓட்டோவில் மனைவி என்னை ஏற்றிவிட்டாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெண் வைத்தியர் புண்ணைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏசிய ஏச்சு எல்லாம் எனக்கு நன்றாகவே விளங்கியது. கிருமி உள்ளே இறங்கிவிட்டது, இந்தக் காலோடு நாளைக்குத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருந்தால் முழங்காலோடு எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். பெரிய வெள்ளி காலையில் பெருவிரலை எடுத்தார்கள். மிச்சக் கால் தப்புமா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்லலாம் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்காக நீட்டி முழக்கிச் செபிக்கிறவன் நான். எனக்கென்று கேட்க வந்தபோது "காலைக் காப்பாற்றும் ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. உயிர்ப்பு ஞாயிறு காலையில் கட்டைப் பிரித்த வைத்தியர், பரவவில்லை, கால் தப்பிவிட்டது என்றார். மனைவி என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள், மூட்டை சுமக்கிறவர் தோடம்பழப் பை ஒன்றோடு வார்டுக்கு வந்தார். எனக்குப் பழைய அதிகாரம் முழுதாகப் போகவில்லை. வந்ததும் வராததுமாக, வியாழக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வரத்தான் இருந்தேன் ஐயா. நீங்க சொன்ன மாதிரி கழுவிப் பார்த்தேன். கல்லு வச்சு, ரத்தம் வர்ற வரைக்கும் தேச்சேன். போகல்ல. அந்தக் காலோட எப்படி வந்து உட்கார்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ தன்னுடைய குறை போலச் சொன்னார். எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் செய்தது பெரிய பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"அட விடுங்க ஐயா" என்றார். பிறகு, "எங்க, காலக் காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

நானே போர்வையை விலக்கினேன். அவர் முகம் சுளிக்காமல் நின்று பார்த்தார். "ஆறிடும் ஐயா. நல்லா நடப்பீங்க" என்றார்.

நடக்கிறேன், சப்பாத்தோடு. உள்ளங்காலில் எனக்கு உணர்வும் இல்லை, அடிப்பக்கத்தை நானே முழுதாகப் பார்க்கவும் முடியாது. அதனால் தினமும் வேறொருவர் பார்க்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. ஒவ்வொரு மாலையும் மனைவி கீழே அமர்ந்து, என் காலை மடியில் தூக்கி வைத்து, டோர்ச் அடித்து விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறாள். ஏச்சும் இலவசமாகக் கிடைக்கும். இயேசுவைப் பின்பற்றுவது என்றால் மற்றவர் காலைக் கழுவுவது என்றுதான் நான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். என் காலையும் கொடுக்க வேண்டும் என்பதை, இன்னும் கொஞ்சம் வெட்கத்தோடு, ஒவ்வொரு மாலையும் படித்துக்கொண்டிருக்கிறேன்.