ஆறிய தொகுதி

கட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் தேர்தல் பணிக்குழுவின் அறை. ஜன்னலை மறைத்துச் சுவரொட்டிக் கட்டுகள். பசை வாடை. நீள மேசையில் தொலைபேசிகள், அவற்றுக்கு நடுவே அவள். வேட்பாளர்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கொடி வேண்டும், வேன் வேண்டும், பேச்சாளர் வேண்டும், வந்த பேச்சாளரைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் அக்காதான்.

முன்பு அவள் ஒரு லாரி ஆபீசில் வேலை பார்த்தாள். சரக்கு எங்கே என்று கத்துகிறவர்களிடம் கத்தாமல் பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். அதை இழுத்து மூடியபோது இங்கே ஆள் தேவைப்பட்டது. கட்சியின் மேல் அவளுக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. பிடிப்பெல்லாம் தம்பிக்கு. மீசை முளைக்கும் முன்பே பசை வாளி தூக்கியவன்.

பணிக்குழு தொகுதிகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது. எங்கும் எழுதி ஒட்டவில்லை, வாய்ப்பேச்சுதான். ஏறுறது, ஆடுறது, ஆறுனது. தானாக ஜெயித்துவிடும் தொகுதி ஏறுறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயக்கூடியது ஆடுறது. ஆறுனது என்றால் அவ்வளவுதான். அங்கே ஆளே நிறுத்தவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஒருவரை நிறுத்துவார்கள். வேன், பேச்சாளர், தலைவரின் நேரம் எல்லாம் ஆடுற தொகுதிகளுக்குப் போகும்.

ஆறுன தொகுதிக்காரர் கேட்டால் கிடையாது என்று சொல்லக் கூடாது. மனம் தளர்ந்து அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்துத் தொகுதியும் கெட்டுப்போகும். அதற்காக அவளிடம் ஒரு சொல் இருந்தது: “சொல்லியிருக்கேன்.” அது பொய்யில்லை. யாரிடமாவது சொல்லித்தான் இருப்பாள்.

மனுத்தாக்கல் முடியப் போகிற நேரத்தில் ஆறுன தொகுதி ஒன்றில் நிற்பதாக இருந்தவர் கழன்றுகொண்டார். பணிக்குழுச் செயலாளர் அவள் மேசைக்கு வந்தார்.

“உங்க தம்பி அந்த ஊருதானே? மோட்டார் கடை.”

“வைண்டிங் கடைங்க.” கருகிப்போன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவன் தொழில்.

“ஆளு எப்படி, வம்புதும்பு?”

“வம்பு பண்ண அவனுக்கு நேரமில்லைங்க.”

செயலாளர் சிரித்தார். “நிக்கச் சொல்லுங்க.”

அவள் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். “என்னையா? என்னையா கேட்டாங்க?” என்றான்.

“உன்னைத்தாண்டா.”

“தலைவருக்குத் தெரியுமா?”

“பேரு போயிருக்கு.”

அது எப்படிப்பட்ட தொகுதி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் பெண்டாட்டியைக் கத்திக் கூப்பிட்டுவிட்டான். அந்தப் பெண் வந்து சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள். பக்கத்துக் கடைக்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பதும் கேட்டது.

வீட்டில் அவள் கணவர் தையல் மிஷினை விட்டு நிமிர்ந்தார். “ஆறுன தொகுதின்னு சொல்லிட்டியா?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்கு அவன் மாலையும் கழுத்துமா நிப்பான். மாலையைக் கழட்டிட்டுக் கேளுடான்னு சொல்லுவியா?”

மறுநாளும் அவள் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் அவன் மனுப் போட்டுவிட்டான்.

பிரச்சாரம் சூடு பிடித்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அவனை ‘வைண்டிங்’ என்றே கூப்பிட்டார்கள். மோட்டாரைச் சுத்துறவன் நம்மளையும் சுத்திவிட்டுருவான் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். கேட்டு இவனும் சிரித்துவிடுவானாம். பதில் சொல்ல மைக்கைப் பிடித்தால் குரல் உள்ளே போய்விடும். நடந்து போய் ஆளாளாகக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டான். செருப்பு தேய்ந்து வேறு வாங்கினான்.

“அக்கா, தொந்தரவு பண்றேன். ஒரே ஒரு வேன். மலையோரத்து ஊருங்களுக்கு நடந்து போய் மாளலை.”

“சொல்லியிருக்கேன்.”

“நீ சொன்னா வந்துரும்.”

வரவில்லை. மோட்டார் ஏற்றுகிற கடை வண்டியிலேயே ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டான். பேச்சாளர் கேட்டான். “சொல்லியிருக்கேன்” என்றாள். சுவரொட்டி கேட்டான். அதற்கும் அப்படியே சொன்னாள். அவன் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள், திட்டினார்கள். அவர்களிடம் பேசுவது சுலபமாக இருந்தது.

தலைவரின் பயணம் முடிவானபோது பாதை தம்பியின் ஊர் வழியாகப் போனது. அதற்கு அடுத்த ஊரில், ஆடுற தொகுதியில் பெரிய கூட்டம். அவள் செயலாளரிடம் போய் நின்றாள். அதுவரை அவள் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை.

“தம்பி ஊருக் கூட்ரோட்டுல, ரோடு பிரியுற இடத்துல ஒரு அஞ்சு நிமிஷம். இறங்கக்கூட வேண்டாம். கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினாப் போதும்.”

“அதுக்கென்ன, நிறுத்திரலாம்.”

அவள் தம்பியைக் கூப்பிட்டு, “நிப்பாங்கடா” என்றாள். அப்படி உறுதியான சொல்லை ஆறுன தொகுதி ஒன்றுக்கு அவள் சொன்னது அதுதான் முதல்முறை.

தலைவர் வரும் நாளன்று பகலில் அவன் கூட்ரோட்டிலிருந்து பேசினான். பின்னால் ஒரே இரைச்சல்.

“ஊரே வந்திருக்கு அக்கா. ஓட்டுப் போடமாட்டேன்னவங்ககூட வந்து நிக்கிறாங்க. இரு, வண்டி தெரியுது. வைக்காதே.”

கைதட்டல், ஹாரன், வாழ்க என்ற சத்தம். சத்தம் உயர்ந்து நின்றது. பிறகு எல்லாம் ஒன்றாக அடங்கியது.

“அக்கா.”

“சொல்லுடா.”

“போயிட்டாங்க.”

“நிக்கலையா?”

“வேகம் குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. தலைவர் தூங்குறாருக்கா. கண்ணாடில தலையைச் சாய்ச்சுக்கிட்டு. பாவம், எத்தனை ஊரு.”

பின்னால் யாரோ கேட்டார்கள்: “என்ன வைண்டிங்கு, உங்க ஆளு கனவுலயே ஓட்டுக் கேட்டுக்குவாரா?” சிரிப்புக் கிளம்பியது. தம்பியும் கூடவே சிரிப்பது அவளுக்குக் கேட்டது.

“நான் கும்பிட்டேன்” என்றான். “பாத்திருக்க மாட்டாரு.”

அடுத்த தொலைபேசி அடித்தது. எடுத்து, “வேன் அனுப்பியாச்சு அண்ணா” என்றாள்.

தலைவருடன் போயிருந்த செயலாளர் திரும்பி வந்ததும் கேட்டாள். “நேரமாயிடுச்சும்மா” என்றார் அவர். “அங்க கூட்டம் கலைஞ்சிரும். அது ஆடுறது. உங்களுக்குத் தெரியாததா?” தெரிந்ததுதான். அந்தக் கூட்டத்துக்கு ஆள் ஏற்ற வேன்களை அனுப்பியவள் அவள்தான்.

தம்பி டெபாசிட் இழந்தான்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தான். புதுச் சட்டை தைக்க அக்காவின் கணவரிடம் அளவு கொடுக்கச் சொன்னதற்கு, இப்போது எதற்கு என்றான்.

“என்னாலதான்க்கா போச்சு. நல்லாப் பேசுற ஆளா நிறுத்தியிருந்தா சீட்டு வந்திருக்கும். கட்சி நம்பிக் குடுத்ததைக் கோட்டை விட்டுட்டேன்.”

அவள் எதிரில் உட்கார்ந்தாள். “டேய், நான் சொல்றதைக் கேளு. அது ஆறுன தொகுதி. நீ மனுப் போடறதுக்கு முன்னாடியே தோத்ததுன்னு முடிவு பண்ணிட்டாங்க. எந்த வேனும் உனக்கு வர்றதா இல்ல. நீ இல்லேன்னா வேற ஒருத்தன். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்னை நிக்கச் சொன்னேன்.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு அவன் முகம் இளகியது. “ஆறுதலுக்குச் சொல்ற” என்றான்.

“இல்லடா.”

“சின்ன வயசுலயும் நான் பரீட்சையில கவுந்தா கேள்வித்தாள்ல தப்புன்னு சொல்லுவே.”

கணவர் குறுக்கிட்டார். “மாப்ளே, அவ நிஜத்தைத்தான் சொல்றா.”

“நீங்களும் கூட்டா மாமா?” என்று அவரைப் பார்த்துச் சிரித்தான். அவளிடம் திரும்பி, “அப்படின்னா தலைவர் நிப்பாருன்னு ஏன் சொன்னே? வேன் வரும்னு ஏன் சொன்னே? நீ எங்கிட்டப் பொய் சொல்லுவியா?” என்றான்.

வேன் வரும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கேன் என்றுதான் சொன்னாள். அதை அவனுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது என்று தெரியவில்லை.

“விடுக்கா” என்று அவன்தான் அவளைத் தேற்றினான். கிளம்பும்போது வாசலில் நின்றான். “செயலாளர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லு. மன்னிச்சுக்கச் சொல்லு. நேர்ல வந்து அவர் முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பில்ல.”

மறுநாள் சுவரொட்டிக் கட்டுகளைப் பழைய பேப்பருக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் மேசையில் விழுந்தது. செயலாளர் நல்ல மனநிலையில் இருந்தார். ஆடுற தொகுதிகளில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிட்டன. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“யாரு? ஓ, அவரா. இதுல என்னம்மா இருக்கு. பரவாயில்லைன்னு சொல்லுங்க.”

அவள் தன் இடத்துக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

“என்ன சொன்னாருக்கா?”

“பரவாயில்லைன்னாரு.”

“கோபமா இல்லையே?”

“இல்ல.”

“அப்பாடா” என்றான். மூச்சு விடுவது கேட்டது. “உன்னை நெனைச்சுத்தான் பயந்துகிட்டு இருந்தேன். என்னால உனக்கு அங்க தலைகுனிவு ஆயிடுச்சோன்னு.”

“இல்லடா” என்றாள். கடைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. “என்னக்கா?” என்றான். அவள் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.