இரண்டு செட்டர், ஒரு நிரந்தர வேலை

கேட் மீட்டிங் போட்டுத் தொண்டை கட்டியவர்களுக்கு இது தெரியும்: நாம் மைக்கைப் பிடித்தால் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், வாலிபால் விசில் கேட்டால் பஸ்ஸையே விட்டுவிடுவார்கள். ஒரகடத்தில் நான் தொழிற்சங்கம் கட்டிய வருஷங்களில் எனக்குப் பெரிய எதிரி நிர்வாகம் அல்ல, கம்பெனி வாலிபால் டீம். சாயங்காலமானால் நானும் கோர்ட்டோரம்தான் நின்றேன். துண்டறிக்கை கொடுக்கத்தான்.

எந்தக் கட்சி?

அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர்கள் டீமில் இரண்டு பேர். செல்வம் கோவில்பட்டிக்காரன். மூர்த்திக்குப் பக்கத்து ஊரான வல்லம் வடகால். அவன் வீட்டு நெல்வயல் மேல்தான் பக்கத்துக் கம்பெனி நிற்கிறது. இருவரும் கான்ட்ராக்ட். 'யார் நல்ல செட்டரோ அவனை நிரந்தரம் பண்ணுவோம்' என்று பர்சனல் ஆபீசர் சொல்லிவிட்டார். உடனே டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. செல்வம் தூக்கினால் பந்து அந்தரத்தில் நின்று காத்திருக்கும். மூர்த்தி தூக்குவது தாழ்வாக வரும்; எதிராளி குதிப்பதற்குள் அடி விழுந்திருக்கும்.

தொழிலாளியைத் தொழிலாளியோடு எடை போடுவது முதலாளி வேலை என்று அங்கேயே அரை மணி நேரம் பேசினேன். டீக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் கெடக்கட்டும் தலைவரே, நீங்க இன்னா, செல்வம் கட்சியா, மூர்த்தி கட்சியா?"

அடிக்கிறவன் கணக்கு

டீமில் ஓங்கி அடிக்கிறவன் தனசேகர். இருவர் தூக்கும் பந்தையும் அடிப்பவன் அவன்தானே, அவனிடமே கேட்டேன். "செல்வம் தூக்குனா பாயிண்ட் வருதுண்ணே. மூர்த்தி தூக்குனா, நான் நெட்ல அடிச்சாலும் அவன் கைய தூக்கி 'என் தப்பு'ன்றான்."

தூக்கிய கை

ஆபீசருக்கு வாலிபால் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் 'என் தப்பு' என்று கை தூக்குகிறான் என்றுதான் பார்ப்பார். தேர்வு ஆட்டத்தன்று மூர்த்தியைத் தனியே இழுத்து, "இன்னைக்கு ஒருநாள் கையைக் கீழேயே வை" என்றேன். அவன் ஷூ கயிற்றை இறுக்கியபடி சிரித்தான். "நான் தூக்கலன்னா தனசேகர் அடுத்த பந்த பயந்துகினே அடிப்பான்ணே."

ஆர்டர்

கை தூக்கிக்கொண்டேதான் ஆடினான். வேலை செல்வத்துக்குப் போயிற்று. தனசேகர் வியர்வையோடு ஆபீசர் முன்னால் போய், "சார், அந்தப் பந்தெல்லாம் நான் கெடுத்தது" என்றான். அவனும் கான்ட்ராக்ட்தான். ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ உன்னை எதுக்கு டீம்ல வெச்சிருக்கணும்?"

ரசீது

ஆர்டர் வந்ததும் செல்வம் கோர்ட்டுக்கே வரவில்லை. ரூமுக்குப் போய் அவனை இழுத்து வந்தது மூர்த்தி: "வாடா டேய், ரெண்டு பேர் ஆட்டத்தையும் நானே ஆடணுமா?" அன்று இருவரும் மாறி மாறி ஆடினார்கள். யாரும் கட்சி பிரிந்து கத்தவில்லை.

ஆட்டம் முடிந்ததும் செல்வம் நேராக என்னிடம் வந்தான். என் துண்டறிக்கையை அதுவரை தொட்டுப் பார்க்காதவன். நிரந்தரமானவன் சங்கத்தில் சேர்ந்தால் அடுத்த வாரமே தூர டிப்பார்ட்மென்டுக்குத் தூக்கி அடிப்பார்கள் என்று எச்சரித்தேன். அவன் கேட்கவில்லை. "அடிக்கட்டும் அண்ணாச்சி. மூர்த்திக்கும் தனசேகருக்கும் நிரந்தர வேலை கேக்கணும்லா, எம்பேருக்குச் சந்தா ரசீதைப் போடுங்க."

இத்தனை வருஷம் நான் எழுதிய துண்டறிக்கைகளால் சேராத ஆள், வாலிபால் தெரியாத ஒரு ஆபீசரால் சங்கத்தில் சேர்ந்தான் என்பதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.