சூசை அண்ணனின் நிறம்

நேற்று ஆளிவிதை எண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன். மூடி பிசின் பிடித்து இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. பல் வைத்தியர் யாரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும். ஹேவ்லாக் தீவு ரிசார்ட் சுவர்களில் மீனும் பவளமுமாக வரைந்து பிழைக்கிற எனக்கு, எண்ணெய் வண்ணத்தோடு பேச்சுவார்த்தையே விட்டுப்போயிருந்தது. அங்கே எல்லாம் அக்ரிலிக். டீ குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும்.

வாசனை மூக்கில் ஏறியதும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பத்துபஸ்தியில் நான் முன்பு வாடகைக்கு இருந்த அறை வந்துவிட்டது. விமானம் இறங்கும்போதெல்லாம் ஜன்னல் அதிரும். என் கோடு கோணினால் பழியைத் தூக்கி விமானத்தின் மேல் போட்டுவிடுவேன். அப்பா டிங்கிப் படகுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். நான் மெயின்லேண்ட் போய் ஓவியம் படித்துவிட்டு வந்து அதே டிங்கிகளுக்குப் பெயர் எழுதினேன். நல்ல முன்னேற்றம்தான், போங்கள்.

அங்கேதான் பிலோமினா அக்கா வந்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து தீவுக்கு வந்த மீன்பிடிக் குடும்பம். கணவர் சூசை அண்ணன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் எவ்வளவோ சொல்லியும் அக்கா அவருக்காக இரங்கல் பூசை வைக்கச் சம்மதிக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மகள் கல்யாணத்தில் அப்பா படம் இருக்க வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தார். கையில் இருந்தது கப்பல் பாஸில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். நான் அண்ணனைப் பார்த்ததே இல்லை. ஆள் என்ன நிறம் என்று கேட்டேன்.

அவ்வளவுதான், அக்கா பேசிக்கொண்டே போனார். நெற்றி நல்ல கறுப்பாம். கழுத்தில் மாதா உத்தரியக் கயிறு கிடக்கிற இடம் மட்டும் வெளுப்பாம். "வெயில் பட்டா அவுகளுக்குக் காது மடல் மட்டும் செவந்துரும் தம்பி" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பழைய முறைப்படி எண்ணெய்ப் படம் வரைவது பொறுமைக்காரர்கள் வேலை. முதலில் முகம் முழுவதையும் சாம்பல் நிறத்திலேயே, வெளிச்சம் நிழல் மட்டும் வைத்து, முடித்துவிட வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடிபோல மெல்லிய வண்ணத்தை ஒவ்வொரு பூச்சாக ஏற்ற வேண்டும். மேலே போகப்போக எண்ணெய் கூடும். அடிப்பூச்சு காயாமல் மேலே வண்ணம் ஏற்றினால் ஒருநாள் பூச்சு வெடித்துவிடும். அந்த வருஷம் மழை விடவே இல்லை. சாம்பல் காயவும் இல்லை. வராந்தாவில் வைத்திருந்த படத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு வங்காளக்காரர், "கௌன் மர் கயா?" என்று இந்தியில் கேட்டார். யார் செத்தது என்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா வந்தார். மழையைக் காரணம் சொல்ல நான் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பிடியே குடுத்துருங்க தம்பி. கலர் போட்டா அவுக உசுரோட வந்து நின்ன மாதிரி ஆயிரும். இன்னும் வாசலப் பாத்துக்கிட்டே கெடக்க என்னால ஏலாது."

கல்யாணத்தில் சாம்பல் முகம்தான் இருந்தது. அது முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் பூசையும் வைத்தார். போயிருந்தேன். அரைகுறைப் படம் என் பேரில் மாட்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் வருத்தம்தான். கலைஞனாம்.

முந்தாநாள் அதே படத்தைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வந்தார். தலை முழுக்க நரை. பேரப்பிள்ளை தாத்தாவைப் பார்த்துப் பயப்படுகிறதாம், இனிமேல் கலர் போடலாமாம். தடவிப் பார்த்தேன். இவ்வளவு நன்றாகக் காய்ந்த அடிப்பூச்சு என் கையில் அமைந்ததே இல்லை. சந்தோஷத்தில், பழைய பழக்கம்போல, ஆள் என்ன நிறம் அக்கா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல தம்பி. கண்ண மூடுனா இந்தச் சாம்பல்தான் வருது."

அது நான் பூசிய சாம்பல் அல்லவா.

"வெயில் பட்டா காது மடல் செவந்துரும்னு நீங்கதானக்கா சொன்னீங்க" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நானா சொன்னேன்?"

நேற்று காதிலிருந்துதான் தொடங்கினேன்.