தோளில் அப்ப மூட்டை

நாங்கள் குடியேறிய நகரின் ஜான்-டலோன் சந்தையில் பேரீச்சம்பாகு ருசிபார்க்கத் தந்தார்கள். அந்த வாசத்தோடு அந்நாள் பக்கத்து வீட்டு நயீம் அங்கிளும் நினைவில் வந்துவிட்டார்.

பாக்தாத்தை விட்டு வந்த யூதர் அவர். தம் முன்னோர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பாஸ்கா விருந்தில், பேரீச்சம்பாகும் வைத்து, அவர் வீட்டில் எபிரேயத்தில் ஜெபிப்பார்கள். பிறகு ஒருவர் புளிக்காத அப்பத்தை மூட்டை கட்டித் தோளில் சுமப்பார். அவரிடம் வீட்டு மொழியான அரபியில் கேட்பார்கள்: எங்கிருந்து வருகிறாய்? எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? ஜெருசலேமுக்கு.

எங்கள் அகதி வழக்கு முடியாத வருடம், அங்கிள் எங்களையும் விருந்துக்கு அழைத்து மூட்டையை அம்மாவிடம் கொடுத்தார். கேள்விகளை நான் தமிழில் சொன்னேன்.

"மானிப்பாயிலயிருந்து," என்று எங்கள் ஊரைச் சொன்னார் அம்மா. அடுத்ததற்கு, "வீட்டை போறன்."

அங்கிள் திருத்தவில்லை. மறுவருடம் கேள்வியைத் தமிழிலேயே பாடமாக்கி வைத்திருந்தார்: "எங்கை போறியள்?"

பாகில் ஒரு போத்தல் வாங்கினேன். அம்மா இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.