மேல்குழலும் கீழ்க்குழலும்

துப்பாக்கிக் கழகத்திலிருந்து விலகும் என் தங்கையைப் பற்றி நாலு வரி எழுதி, பிரிவுபசார விழாவில் வாசிக்கச் சொன்னார் செயலாளர். அண்ணன்காரன், கழகத்தின் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவன் வேறு. என்னை விட்டால் யார்?

அவள் பேருந்து ஓட்டுகிறாள். வாய்த்துடுக்கு அதிகம். பிரேக் போட்டதற்கு முணுமுணுக்கும் பயணியிடம், "ஸ்டியரிங்கை நீங்க பிடிங்க, டிக்கெட்டை நான் எடுத்துக்கிறேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சுடும் திடலில் மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

பறக்கும் களிமண் தட்டை உடைக்கும் விளையாட்டு அது. துப்பாக்கியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல்கள். முதல் தோட்டா கீழ்க்குழலில்; தவறினால் மேல்குழலில் இன்னொன்று. அதற்குள் தட்டு தூரம் போய்விடும். அதனால் தோட்டாவிலிருந்து பாயும் ஈய ரவைகள் சிதறாமல் போக மேல்குழலின் வாயில் இறுக்கமான வளையத்தையும், கீழே அகலமானதையும் திருகி வைப்போம்.

பதினொரு வருஷம் சுட்டுப் பழகி அணித் தேர்வுவரை வந்தாள். முந்தின நாள் செயலாளரோடு அரட்டை அடித்துக்கொண்டே அவள் துப்பாக்கியைத் துடைத்து, கழற்றிய வளையங்களைத் திரும்ப மாட்டினேன். அவள் குழல் வாயைப் பார்க்கக் குனிந்தாள்.

"அண்ணன் மேலயே சந்தேகமா?" என்று கிண்டலடித்தேன். சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

மறுநாள் மூன்று தட்டுகள் இரண்டாம் தோட்டாவுக்கும் உடையவில்லை. ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் இடம் பறிபோனது.

"கை நடுங்கிடுச்சுண்ணா. எனக்கு வயசாயிடுச்சு. இதை வித்துடு" என்று துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள்.

பட்டறையில் வளையங்களைக் கழற்றினேன். மேலே இருக்கவேண்டியது கீழே, கீழே இருக்கவேண்டியது மேலே. விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் இறுக்கம், மூன்று இருந்தால் அகலம்; கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். சத்தமில்லாமல் மாற்றித் திருகிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மாதமாக, "சாப்டியாண்ணா?" என்று அவள் கேட்டாலே கூனிக் குறுகிப் போகிறேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

தனியாகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எல்லார் முன்னாலும் வாசிக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாயே, உன் கை நடுங்கவே இல்லை, தங்கச்சி. துப்பாக்கியை நான் விற்கவில்லை. இதோ இந்த மேசைக்கு அடியில் இருக்கிறது. வளையங்களை மறுபடி கழற்றிப் பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். நீயே பார்த்துத் திருகிக்கொள்.